கங்கணராசாவுக்கு வந்த விக்கல்

கங்கணராசாவுக்கு விக்கல் வந்தது சந்தை நாளில் என்பதால் முதலில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. எங்கள் கோட்டையின் கிழக்கு வாசலுக்குள்ளே, வழி முழங்கை மாதிரி மடங்குகிற இடத்தில், கல்லாய்க் கைகூப்பி நிற்கிற மனிதர் அவர். கோட்டை எழும்பின காலத்திலிருந்து நிற்கிறார், ஒரு நாளும் ஒரு சத்தம் போட்டதில்லை. அன்றைக்கு அவர் நெஞ்சுக்குள்ளிருந்து 'இக்' என்று வந்தபோது கத்தரிக்காய் விற்கிறவள் பக்கத்தில் கட்டியிருந்த மாட்டைப் பார்த்தாள், மாட்டுக்காரர் கத்தரிக்காய் விற்கிறவளைப் பார்த்தார், இரண்டு பேரையும் மாடு பார்த்தது. அதற்குள் இன்னொரு 'இக்' வந்து, ராசாவின் தோளில் இருந்த புறாக்கள் எழும்பிப் பறந்து, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டன. புறாவே உட்கார்ந்துவிட்ட பிறகு மனுசர் நின்று பார்க்க என்ன இருக்கிறது என்று சனங்கள் சந்தைக்குப் போய்விட்டார்கள்.

ஆவுடையம்மாளால் மட்டும் அப்படிப் போக முடியவில்லை, ஏனென்றால் அவளுடைய புட்டுக்கடை ராசாவின் காலடியிலேயே இருந்தது. கடை என்றால் ஓர் அடுப்பு, ஒரு பலகை, மேலே ஒரு தார்ப்பாய், அடுப்பின் மேல் புட்டுக்குழல், அவ்வளவுதான். அவளுடைய அம்மா அங்கேதான் உட்கார்ந்து புட்டு அவித்தாள், அந்த அம்மாவின் அம்மாவும் அங்கேதான் அவித்தாள், அதற்கு மேலே போனால் பேர் தெரியாது, ஆனால் புகை தெரியும். ராசாவின் முழங்கால் வரைக்கும் கறுத்துக் கிடப்பது அந்தப் புகைதான். காலையில் குழலிலிருந்து தள்ளுகிற முதல் புட்டை இலைத்துண்டில் வைத்து ராசாவின் முன்னால் வைப்பாள், காக்கா வந்து தின்றுவிட்டுப் போகும், ராசா சாப்பிட்டுவிட்டார் என்று அவள் அடுத்த புட்டைத் தள்ளுவாள். அன்றைக்கு விக்கல் வந்ததும் அவள் நிமிர்ந்து பார்த்து, தொண்டையில் அடைத்துக்கொண்டது போல என்று நினைத்து, கொஞ்சம் சுக்குவெந்நீரை எடுத்து அவர் பாதத்தில் ஊற்றினாள். விக்கல் அதற்குக் கேட்கவில்லை.

விக்கல் எதனால் வந்தது என்று பிற்பாடு பலரும் பலதும் சொன்னார்கள். நடந்தது இதுதான். கோட்டை எழும்பி இத்தனை நூறு வருசம் ஆயிற்று என்று கொண்டாட ஒரு விழாக் கமிட்டி போட்டிருந்தார்கள், அதற்குத் தலைவர் ரைஸ்மில் கனகசபாபதி. நல்ல மனிதர், ஒரு குறை உண்டென்றால் மைக்கைக் கண்டால் கை தானாக நீளும். அன்றைக்கு அவர் புதிதாய்ச் செதுக்கி வந்த கறுப்புக் கல்லை ராசாவின் காலோடு சாய்த்து வைத்து, எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதா என்று சத்தம் போட்டு வாசித்துப் பார்த்தார். இந்தக் கோட்டையும் இந்தக் குளமும் இந்த வாசலும் கங்கணராசா ஒருவரே எண்ணி, ஒருவரே எழுப்பி, ஒருவரே காத்தவை என்று கல்லில் இருந்தது. மூன்றாவது 'ஒருவரே' அவர் வாயிலிருந்து விழுந்ததும் ராசாவின் வாயிலிருந்து முதல் விக்கல் விழுந்தது. கனகசபாபதி அதைக் கைதட்டு மாதிரி எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார்.

கல்லை வாசித்த கையோடு ஆவுடையிடம் இன்னொன்றும் சொன்னார். ராசாவைச் சுற்றிக் கம்பிவேலி போடப்போகிறோம், விழாவுக்கு அமைச்சர் வந்து மாலை போடுவார், அந்த நேரத்தில் ராசா காலடியில் புட்டு ஆவி பறந்தால் நன்றாகவா இருக்கும், அதனால் விழாவுக்கு முந்தின நாள் காலைக்குள் அடுப்பை எடுத்துவிட வேண்டும், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இடம் பார்த்து வைத்திருக்கிறோம், இடம் மாறினால் புட்டு வேகாமலா போய்விடும் என்று கேட்டார்.

புட்டு வேகும், அது ஆவுடைக்கும் தெரியும். ஆனால் எங்கள் வாசல் முழங்கை மாதிரி மடங்குகிறதால், ஊருக்குள் வருகிறவரும் ஊரைவிட்டுப் போகிறவரும், கார் ஆனாலும் கழுதை ஆனாலும், அந்த மடக்கில் நின்று நிதானித்துத் திரும்பித்தான் ஆக வேண்டும், அப்படித் திரும்புகிற முகத்தை எல்லாம் ஆவுடை பார்த்துவிடுவாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற முகம் எது, வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போகிற முகம் எது, சொல்லாமல் கிளம்பிப் போகிற முகம் எது என்று அவளுக்குத் தெரியும். ஒரு புட்டைக் கையில் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் உட்காரவைத்து, பாதி சாப்பிடும்போதே மனசு மாறித் திரும்பி வீட்டுக்குப் போனவர்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு, அவர்களில் சிலர் கமிட்டியிலேயே இருக்கிறார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் யார் முகமும் நிற்காது. இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று தெரியாமல் ஆவுடை, சரி அண்ணாச்சி என்று மட்டும் சொன்னாள். மேலே ராசா, 'இக்' என்றார்.

விக்கல் நிற்கவில்லை. நிற்காத எதற்கும் எங்கள் ஊர் சீக்கிரம் பழகிவிடும். பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் தன் விசிலை மேசைக்குள் வைத்துவிட்டு ராசாவின் விக்கலுக்கே பிள்ளைகளைக் காலை மாற்றி நடக்கச் சொன்னார். பாட்டு வாத்தியார் மட்டும் ராசாவுக்குத் தாளக்கட்டு இல்லை என்று வருத்தப்பட்டார். தொட்டில் பிள்ளைகள் அந்தச் சத்தத்தில் தூங்கக் கற்றுக்கொண்டு, வெளியூர்த் தாத்தா வீட்டுக்குப் போனால் தூங்க மாட்டேன் என்று அழுதன. வாசலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற சோசியர், பல்லி சொல்லுக்குப் பலன் இருப்பது மாதிரி ராசா விக்கலுக்கும் பலன் இருக்கத்தானே வேண்டும் என்று யோசித்து, கிழக்கே நின்று கேட்டால் காரியசித்தி, மேற்கே நின்று கேட்டால் விருந்தாளி என்று சொல்ல, சனங்கள் பெண் பார்க்கப் போகும்போது கிழக்கே நின்று ஒரு விக்கலைக் கேட்டுவிட்டுப் போனார்கள், விருந்தாளி தொல்லை பிடிக்காதவர்கள் மேற்குப் பக்கம் காதைப் பொத்திக்கொண்டு நடந்தார்கள்.

கமிட்டிக்குத்தான் பழக முடியவில்லை. கறுப்புக் கல்லை ராசாவின் பீடத்தில் சிமெண்டு வைத்துப் பதித்தால் சிமெண்டு இறுகுவதற்குள் ஒரு விக்கல் வந்து கல் கழன்று விழுந்தது. மறுபடி பதித்தார்கள், மறுபடி விழுந்தது. அமைச்சர் மாலையைப் போடும்போது ராசா விக்கி, மாலை அமைச்சர் கழுத்துக்கே திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நினைத்துக் கனகசபாபதிக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் வைத்தியம் பார்க்கத் தீர்மானம் போட்டார்கள்.

விக்கலுக்கு எங்கள் பக்கத்தில் என்னென்ன வைத்தியம் உண்டோ எல்லாம் நடந்தது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், ராசா குளித்துவிட்டு விக்கினார். வாயில் சீனி வைத்தார்கள், எறும்பு வந்து ராசாவின் மீசையோடு வரிசை போட்டது. பச்சைப்பிள்ளைக்குச் செய்வது மாதிரி நூலை எச்சில் தொட்டு உச்சியில் ஒட்டினால் நிற்கும் என்று ஒருத்தி சொல்ல, ஏணி வைத்து ஏறி ஒட்டினார்கள். ஒட்டியவர் எச்சில் பட்டதற்குப் பரிகாரம் செய்ய வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கூட்டம் நடந்ததே தவிர விக்கல் நிற்கவில்லை. அதிர்வேட்டுப் போட்டார்கள், அதில் கனகசபாபதிதான் அதிர்ந்தார். யாரோ நினைத்தால்தான் விக்கல் வரும், நினைக்கிறவர் பேரைச் சரியாகச் சொன்னால் நின்றுவிடும் என்று, கோயில் ஓதுவார் ராசாவின் பட்டத்துராணி பேரிலிருந்து தொடங்கி அந்தப்புரம் முழுக்கச் சொல்லி முடித்தார். ஒரு பேருக்கும் ராசாவின் விக்கல் நிற்கவில்லை, நடுவில் ஒரு பேருக்கு மட்டும் கொஞ்சம் வேகமாக விக்கினார். அவள் யார் என்று ஊரில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வைத்தியம். எங்கள் பக்கத்தில் பிள்ளை விக்கினால் பெரியவர்கள் முகத்தை நிசம்போல வைத்துக்கொண்டு, ஏலே, பக்கத்து வீட்டு உறியில் இருந்ததை நீதான் எடுத்துத் தின்றாயாமே என்று திருட்டுப்பட்டம் கட்டுவார்கள். பிள்ளை பதறிப்போய், நானா, எப்போ என்று கேட்கும், அந்தப் பதற்றத்தில் விக்கல் நின்றிருக்கும். ராசாமேல் திருட்டுப்பட்டம் கட்டலாமா என்று கமிட்டி தயங்கியது. பிறகு வைத்தியம்தானே, மரியாதைக் குறைவு ஆகாது, 'ராசா அவர்களே' என்று கூப்பிட்டுவிட்டுக் கட்டலாம் என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு ஊரில் காணாமல் போன சாமான்கள் எல்லாம் ராசாமேல் விழுந்தன. கோழியைக் காணாதவர்கள் வந்தார்கள், குடத்தைக் காணாதவர்கள் வந்தார்கள், கல்யாண வீட்டில் செருப்பைக் காணாதவர்கள் வந்தார்கள். ஒருத்தர் தன் மாமியாரின் கம்மலை ராசாதான் எடுத்தார் என்று பதற்றத்தோடு சொன்னபோது ராசா விக்கின விக்கலில் அவரே திடுக்கிட்டு, அது எங்கே இருக்கிறது என்று மாமியாரிடம் அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டார். ராசா மட்டும் அசையவில்லை. செய்யாத திருட்டுக்குப் பதறுகிற ஆள் இல்லை அவர், எத்தனை பட்டம் பார்த்தவர்.

அப்போதுதான் கீரைக்காரி பிரமு வந்தாள். கோயில் வாசலில் கீரையும் வேப்பிலையும் விற்கிறவள், வாயில் வெற்றிலை இல்லாத நேரம் கிடையாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய், கீரைக்கட்டை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, விளையாட்டாகத்தான் கேட்டாள்.

"ஏன் ராசா, எங்க வேப்பிலையை எடுத்து உம்ம வாள்னு சொல்லிக்கிட்டீராமே?"

விக்கல் நின்றது. புறாக்கள் எழும்பிப் பறந்தன. விக்கலுக்குப் பழகினவை, அது இல்லாததற்குப் பழகவில்லை. என்ன வேப்பிலை, என்ன வாள் என்று எல்லோரும் கேட்க, பிரமு தன் வீட்டில் சொல்லுகிற சங்கதியைச் சொன்னாள். எதிரிப்படை வந்து கோட்டையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டபோது, ராசா வாளைத் தீட்டுவதும் கண்ணாடியில் பார்ப்பதும் திரும்பத் தீட்டுவதுமாக இருந்தாராம். உள்ளே சனம் பசித்துக் கிடந்ததாம். பிரமுவுக்குப் பாட்டிக்குப் பாட்டியான ஒருத்தி, அவளும் கீரைக்காரிதான், ஊர்ப் பெண்களைக் கூட்ட, எல்லோருமாய் வீட்டுக்கு வீடு நிலையில் வேப்பிலை சொருகி, கோட்டைவாசலில் தோரணமாய்க் கட்டி, மதில்மேல் ஏறி நின்று மஞ்சள்தண்ணீரை வெளியே ஊற்றி, அம்மா தாயே இறங்கிப் போய்விடு என்று தலையை விரித்துப்போட்டு அழுதார்களாம். வேப்பிலை கட்டின வீட்டுக்குள் காலை வைக்காதே, அம்மை போட்டிருக்கும் என்று எதிரிப்படைக்காரனுக்கும் அவன் அம்மா சின்ன வயதில் சொல்லித்தானே வளர்த்திருப்பாள். படை மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கோட்டைக்கு முதுகு காட்டாமல் பின்னாலேயே நடந்து போய்விட்டதாம். போன பிறகு ராசா வாளோடு வெளியே வந்தாராம், அதைத்தான் கோட்டைச் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று பிரமு சொல்லி முடித்து, வெற்றிலையைத் துப்ப இடம் தேடிப் போய்விட்டாள்.

கமிட்டிக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் விக்கல் நின்றது பிடித்திருந்தது. அவசரமாகக் கல்லைப் பதித்தார்கள். சிமெண்டு பாதி இறுகும்போது விக்கல் திரும்ப வந்து கல் விழுந்தது.

ஒரு திருட்டுத்தான் தீர்ந்திருக்கிறது, இன்னும் பாக்கி இருக்கிறது என்று பெண்களுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் பானைக்காரத் தெரு இசக்கியம்மாள் வந்து, எங்க மண்ணுக்குழியை எடுத்து உம்ம குளம்னு சொல்லிக்கிட்டீராமே என்று கேட்டாள். எங்கள் குளம் ஒரு பக்கம் பெருத்து ஒரு பக்கம் சிறுத்து வளைந்து கிடக்கும். சங்கு வடிவத்தில் வேண்டுமென்று ராசா தியானத்தில் கண்டு வெட்டினார் என்பார்கள். இசக்கி வீட்டுச் சங்கதிப்படி, பானைக்கும் அடுப்புக்கும் சுவர் பூசுவதற்கும் பெண்கள் மண் எடுத்த குழி அது. அவளவள் வீட்டுக்குக் கிட்டத்தில் வெட்டினாள், சண்டை போட்டவள் எதிர்ப்பக்கம் போய் வெட்டினாள், அதனால்தான் அந்த வளைவு. மழை பெய்து நிறைந்த அன்று குதிரையில் வந்த ராசா, ஆகா சங்கு என்றாராம். இசக்கி சொல்லி முடித்தபோதும் விக்கல் நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் வரை நின்றது.

அதற்குப் பிறகு ஊர்ப் பெண்கள் தண்ணீருக்குப் போகிறபோதும் கோயிலுக்குப் போகிறபோதும் நின்று ஒன்றைக் கேட்டுவிட்டுப் போனார்கள். சந்தை ஏன் அந்தக் கிழமையில் கூடுகிறது, தேர் ஏன் வடக்குத் தெருவில் நின்று போகிறது, இரண்டு தெருக்காரர் சண்டையை எந்த மருமகள் எந்தக் குழம்பால் தீர்த்தாள் என்று ஒவ்வொன்றாக வந்தது. நிசமானதற்கு ராசா விக்கலை நிறுத்தினார், கூட்டிச் சொன்னதற்கு விக்கினார், பாதி நிசத்துக்கு அரை விக்கல் விக்கினார். ஆண்களும் விடவில்லை. எங்கள் பாட்டன்தான் மதிலுக்குச் சுண்ணாம்பு கண்டுபிடித்தார் என்று ஒருத்தர் மார்தட்ட, ராசா விட்ட விக்கலில் அவர் துண்டு தோளிலிருந்து நழுவியது.

கனகசபாபதி இதற்கு மேல் பொறுக்கக்கூடாது என்று வாசலில் கூட்டம் கூட்டி மைக்கைப் பிடித்தார். இது எல்லாம் அடுப்பங்கரைக் கதை, வரலாறு வேறு, நானே எண்ணி நானே எழுதிய இந்த உரையில் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று காகிதத்தைப் பிரித்தார். பிரித்தவுடனே அவருக்கு விக்கல் வந்தது. ராசாவுக்கு இல்லை, அவருக்கு. மைக் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. ராசா ஒரு விக்கல், தலைவர் ஒரு விக்கல் என்று மாறி மாறிப் போய்க்கொண்டிருக்க, கூட்டத்திலிருந்து அவர் சம்சாரம் சௌந்தரவல்லி எழுந்தாள். அதிகம் பேசாதவள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, வீட்டில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

"என்ன, உங்களைத்தான். நான் எழுதி வச்ச காகிதத்தை நீங்க எடுத்துட்டு வந்துட்டீங்களாமே?"

தலைவரின் விக்கல் நின்றது. சனங்கள் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள், அதில் தோற்றவர்கள்தான் நிறையப் பேர். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது ஊரில் பல ஆண்கள் காரணமில்லாமல் மெதுவாகவே விழுங்கினார்கள் என்று கேள்வி. கனகசபாபதி மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கல் கிடக்கட்டும், வேலி போடுங்கள், கடையை எடுங்கள், அதுவாவது நான் சொன்னபடி நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை பேர் இத்தனை சொல்லியும் ராசாவின் விக்கல் முழுதாகப் போகவில்லை. ஒன்று பாக்கி இருந்தது. அது எது என்று பிரமுவுக்குத் தெரியும், எங்களுக்கும் ஒருமாதிரி தெரியும். இந்த வாசல் ஏன் முழங்கை மாதிரி மடங்குகிறது என்பதுதான் அது. எதிரி யானை நேராக ஓடிவந்து கதவை முட்ட முடியாமல் ராசா போட்ட திட்டம் அது என்று எல்லா வாத்தியாரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அந்த மடக்கில் உட்கார்ந்திருக்கிறவள் வீட்டில் வேறே ஒரு சங்கதி இருக்கும் அல்லவா. ஏளா ஆவுடை, நீ கேட்டால் ராசாவுக்கும் நிம்மதி, உன் கடையும் நிற்கும், வாயைத் திறந்து கேளேன் என்று பிரமு அவளை விரட்டினாள்.

ஆவுடை தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"இப்போ கேட்டா, கடைக்காகக் கதை கட்டுதாள்னு சொல்லுவாவ. இத்தனை வருசம் அவரு காலடியில உக்காந்துட்டு, இப்போ போயி அவரு மேலயே சாட்சி சொல்லவா? வேண்டாம் மைனி."

அவள் சுபாவம் அது. கேட்டு வாங்கினது வேறே, தானாய்க் கொடுத்துக் கிடைத்தது வேறே என்று நினைக்கிறவள்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் கடையைப் பிரிக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அவள் கையால் புட்டுத் தின்று வளர்ந்தவர்கள், முகத்தைப் பார்க்காமல் தார்ப்பாயை அவிழ்த்தார்கள். அடுப்பில் ஒரு குழல் ஏறியிருந்தது. இது மட்டும் வெந்து இறங்கட்டும் என்று ஆவுடை கேட்டாள், சரி அக்கா என்று அவர்கள் ஓரமாக உட்கார்ந்தார்கள். அந்த நேரத்தில் ராசாவுக்கு ஒரு விக்கல் வந்தது, அதுவரைக்கும் வந்ததில் எல்லாம் பெரியது. கூப்பின கை நடுங்கி, உதட்டு ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்து, துருவி வைத்த தேங்காயில் வந்து விழுந்தது. ஆவுடை சில்லை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். எத்தனை நாளாய் விக்குகிறார், ஒரு வாய் தண்ணீர் கேட்கத் தெரியாது, நெஞ்சு வலித்தால் தடவிக்கொள்ளக் கை பிரியாது. அதை நினைத்ததும் அவளுக்கு ரோசமும் மறந்தது, கடையும் மறந்தது. எழுந்து போய், பிள்ளைக்கு நெஞ்சைத் தடவுகிற மாதிரி, எட்டுகிற உயரத்தில் இருந்த அந்தக் கறுத்த முழங்காலைத் தடவிக்கொடுத்து, யாருக்கும் கேட்கக்கூடாது என்றுதான் கேட்டாள். ஆனால் வாசல் கல்வாசல், மெதுவாய்ச் சொன்னாலும் சுற்றி வந்து எல்லார் காதிலும் விழும்.

"ஏன் ராசா, எங்க அடுப்பைச் சுத்திக்கிட்டுப் போன வாசலை, நீரா வளைச்சேன்னு சொல்லிட்டீராமே?"

சொல்லிவிட்டு, மிச்சத்தையும் அவருக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னாள். கோட்டை வருவதற்கு முன்னாலேயே அந்த இடத்தில் ஒருத்தி புட்டு விற்றுக்கொண்டிருந்தாள். வாசலுக்கு நேராக நூல் பிடித்து வந்த கல்தச்சர்கள் அவள் அடுப்பில் வந்து முட்டி நின்றார்கள். எழுந்திரு என்றார்கள், குழல் அடுப்பில் இருக்கிறது என்றாள். ராசாவே வந்து எழுந்திரு என்றார், இறங்கினதும் பார்க்கலாம் என்றாள். ஒரு குழல் இறங்கியது, கல் சுமக்கிற ஆட்கள் பசியோடு நின்றதால் அடுத்த குழல் ஏறியது, அது இறங்கும்போது அதற்கடுத்தது ஏறியது, ராசா நின்றார், அவருக்கும் பசித்தது, அவரும் ஒரு புட்டைத் தின்றார், தின்றுவிட்டு, சரி, சுற்றிப் போங்கள் என்று தச்சர்களிடம் சொன்னார். அப்படித்தான் வாசல் வளைந்தது. பின்னொரு நாள் எதிரி யானைகள் ஓடிவந்து அந்த மடக்கில் திரும்பத் தெரியாமல் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நின்றபோது, என்ன திட்டம் என்ன திட்டம் என்று மந்திரிமார் புகழ்ந்தார்கள், ராசா மறுக்கவில்லை. "மறுக்காம இருந்துட்டீரு, அவ்வளவுதானே, அதுக்கு ஏன் இப்படி விக்கணும்" என்று ஆவுடை சொல்லி, இன்னும் ஒரு தடவை தடவிக்கொடுத்தாள்.

விக்கல் நின்றது. இந்தத் தடவை நின்றது வேறே மாதிரி இருந்தது. புறாக்கள் பறக்கவில்லை, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டன.

கடையைப் பிரிக்க வந்தவர்கள், அக்கா, நீ உட்காரு, நாங்கள் போய்த் தலைவரிடம் சொல்கிறோம் என்றார்கள். ஆவுடை கேட்கவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான், கதை கட்டிக் கடையைக் காப்பாற்றினாள் என்று யாரும் பேசக்கூடாது என்று குழலை இறக்கி, வெந்த புட்டை இலையில் வைத்து ராசாவின் முன்னால் வைத்துவிட்டு, அடுப்பைத் தூக்கிக்கொண்டு, அந்த மடக்கில் ஒரு தடவை நின்று நிதானித்துத் திரும்பி, பஸ் நிலையத்துப் பக்கம் போய்விட்டாள். அவள் முகத்தைப் பார்க்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வேலி போட்டார்கள். கல்லைப் பதித்தார்கள், நன்றாய் இறுகியது.

விழா அன்று காலையில் மேளக்காரர்கள் வந்து பார்த்தபோது வேலி இருந்தது, பூட்டு இருந்தது, கல் இருந்தது, வேலிக்குள் ராசா இல்லை. வேலிக்கு வெளியே, ஓரமாய்ச் சுவரோடு ஒட்டி, வழிவிட்டு நிற்கிற ஆள் மாதிரி நின்றார். கூப்பின கைகள் பிரிந்திருந்தன. ஒரு கை நெஞ்சின் மேல் இருந்தது. இன்னொரு கை ஆவுடையின் அடுப்பு இருந்த இடத்தைக் காட்டி நீண்டிருந்தது, உள்ளங்கை மேலே பார்த்தபடி. உட்காரு என்று சொல்லுகிற கையா, பசிக்கிறது என்று கேட்கிற கையா என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அந்தக் கையில் காக்கா ஒன்று உட்கார்ந்து, காலி இலையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

கனகசபாபதி வந்து பார்த்தார். ராசாவைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், சௌந்தரவல்லியைப் பார்த்தார். அவள் பஸ் நிலையத்துப் பக்கம் பார்த்தாள். அமைச்சர் வரும் நேரம். தலைவர் சால்வையை இறுக்கிக்கொண்டு தானே நடந்தார். பரோட்டாக் கடைகளுக்குப் பின்னால், சாக்கடை ஓரத்தில், ஆவுடை அடுப்பை மூட்டிவிட்டு, யாரும் வாங்க வராத புட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன அண்ணாச்சி என்று எழுந்தாள். அன்றைக்கு அவர் கையில் காகிதம் இல்லை.

"ராசா பசியா இருக்காரு போல. வாம்மா," என்றார். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அடுப்பை நான் தூக்கிக்கிடுதேன்," என்றார்.

அன்றைக்கு அமைச்சரின் கார் வாசலுக்குள் வந்து, மடக்கில் திரும்ப முடியாமல், முன்னே போய் பின்னே வந்து முன்னே போய் நின்றுவிட்டது. அவர் இறங்கி, வேலிக்குள் அடுப்பும் வேலிக்கு வெளியே ராசாவுமாக இருப்பதைப் பார்த்து, எதற்கு மாலை போடுவது என்று தெரியாமல் நின்றபோது, ஆவுடை ஒரு புட்டைக் கையில் கொடுத்துச் சாப்பிடுங்கள் என்றாள், அவர் சாப்பிட்டுவிட்டுச் சுற்றிப் போனார். மாலை சௌந்தரவல்லி கைக்கு வந்தது, அவள் அதைப் புட்டுக்குழல் கழுத்தில் போட்டாள், ஆவி பட்டு நல்ல வாசம் வந்தது. வேலி இன்னும் இருக்கிறது, ஆடுகள் அடுப்புப் பக்கம் வராமல் இருக்க உதவுகிறது. கல்லும் இருக்கிறது. 'ஒருவரே' என்கிற மூன்று சொல்லிலும் யாரோ தேங்காய் துருவும்போது சிதறின பூ ஒட்டி ஒட்டி எழுத்து தெரியாமல் போய்விட்டது, அதை யாரும் துடைக்கிறதில்லை.

இப்போது ராசாவுக்கு விக்கல் கிடையாது. வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு வருகிற ஆட்கள், இதோ பாருங்கள், எதிரி யானையை மடக்க மாமன்னர் தாமே எண்ணி வளைத்த வாசல் என்று கையை நீட்டிச் சொல்லும்போது மட்டும் ராசாவின் நெஞ்சுக்குள்ளே லேசாக ஒன்று புறப்பட்டு, தொண்டை வரைக்கும் வரும். ஆவுடை அடுப்பிலிருந்து தலை தூக்க மாட்டாள்.

"ம்?" என்பாள்.

அது அப்படியே உள்ளே போய்விடும்.